பல்கேரிய யூதர்கள் வரலாறு: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

"இரண்டாம் உலகப் போரில் பல்கேரியா ஒரு யூதரைக்கூட ஹிட்லரிடம் ஒப்படைக்கவில்லை." இந்த வரி பல இடங்களில் கண்ணில் படுகிறது. தயவுசெய்து இதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

முதலில் எல்லையைப் பாருங்கள். 1941-இல் ஜெர்மனியோடு சேர்ந்த பல்கேரியா, கிரேக்கத்தின் திரேஸையும் யூகோஸ்லாவியாவின் மாசிடோனியாவையும் தன் ஆட்சியில் வைத்திருந்தது. அங்கிருந்த யூதர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1943 மார்ச்சில் இந்தப் பகுதிகளிலிருந்தும் செர்பியாவின் பிரோத் நகரிலிருந்தும் 11,343 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் போலந்தில் நாஜிகள் நடத்திய திரெப்ளிங்கா கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள். பழைய எல்லைக்குள் தப்பிய சுமார் 48,000 பேரை மட்டும் கணக்கில் எடுத்தால், இவர்கள் காணாமலே போய்விடுவார்கள்.

"ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்பதும் பிழை. மார்ச் 11 விடியற்காலையில் மாசிடோனிய யூதர்களை வீடு வீடாகப் போய் வெளியேற்றியது பல்கேரியப் போலீஸும் ராணுவமும். ஸ்கோப்யேவில் ஒரு புகையிலைக் கிடங்கில் குழந்தைகள், முதியவர்கள் உட்பட 7,000-க்கும் மேற்பட்டோரை அடைத்து, அங்கிருந்துதான் ரயிலேற்றினார்கள்.

அப்புறம், பழைய எல்லைக்குள் இருந்த யூதர்களைக் காப்பாற்றிய பெருமை முழுவதையும் மன்னர் மூன்றாம் போரிஸுக்கே கொடுப்பதும் பிழை. யூதர்களின் உரிமைகளைப் பறித்த சட்டம் அமலானதும் அவர் ஆட்சியில்தான். அதை ஆதரித்தவர்களில் நாடாளுமன்றத் துணைத் தலைவர் திமிதர் பெஷெவும் ஒருவர். ஆனால் தன் ஊரான கியுஸ்தெந்திலில் யூதர்களைப் பிடிக்க ஏற்பாடு நடப்பது தெரிந்ததும், அவர் உள்துறை அமைச்சரை நேரில் நெருக்கினார். உத்தரவு நின்றது. பிறகு, தன்னோடு சேர்த்து 43 உறுப்பினர்களின் கையெழுத்தோடு பிரதமருக்குக் கடிதம் கொடுத்தார்; அதற்காகப் பதவியை இழந்தார். சோபியாவின் பேராயர் ஸ்தெபானும் புளோவ்திவின் பேராயர் கிரிலும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். இந்தப் பெயர்களை விட்டுவிட்டு மன்னரை மட்டும் சொல்வது பெரிய அநியாயம்.

தப்பியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மஞ்சள் நட்சத்திரம், ஆண்களுக்குக் கட்டாய உழைப்பு, 1943 மே மாதம் முதல் தலைநகரிலிருந்து வெளியேற்றம் என்று வாழ்க்கை குலைந்தே போனது.

இன்று அங்கே யூதர்கள் மிகக் குறைவு என்பதை வைத்து, போரில் அழிந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவதும் தவறு. தப்பியவர்களில் பெரும்பாலோர் 1948-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.