பேட்டரி தீர்ந்ததா, இல்லையா?

ரிமோட் வேலை செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் செல்லை உருட்டிப் பார்ப்பதும் கடித்துப் பார்ப்பதும் பலருக்குப் பழக்கம், ஆனால் வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் ஒரே நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். அதன் திருகியை டிசி (நேர் மின்னோட்டம்) 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். புது அல்கலைன் செல் (ரீசார்ஜ் செய்ய முடியாத சாதாரண வகை) 1.5-க்குச் சற்று மேலேயே காட்டும், 1.2-க்குக் கீழே இறங்கிவிட்டால் ஏறக்குறைய காலிதான், சுவர்க் கடிகாரத்தில் வேண்டுமானால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லுக்கு 1.2 வோல்ட்தான் இயல்பு, அதைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸைத் தொடும்படி அடுக்கினால் வோல்ட் கூடும்: இரண்டு செல், 3 வோல்ட். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் வோல்ட் அதேதான், ஓடும் நேரம் கூடும்.

பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. பழையது முதலில் காலியாகிவிடும், புதியது அதன் வழியாகவும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க, கடைசியில் பழையது கசிய ஆரம்பிக்கும். அல்கலைன் செல்லில் கசிவது காரம், அந்த வெள்ளைப் பொடியைக் கையால் தொடாமல் வினிகரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

மொபைல் போன்றவற்றில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரி வேறு ரகம். அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறெதிலும் போடாதீர்கள். உப்பிப்போனதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம்.