இனிப்பும் புளிப்புமாக ஒரு ப்ரோக்கோலி சாலட்

ப்ரோக்கோலி சாலட் சொதப்புகிறது என்றால் பெரும்பாலும் அதற்குக் காரணம் காயில் தங்கிவிட்ட ஈரம்தான். அந்தக் குட்டிக் குட்டி மொட்டுகளுக்கு நடுவில் தண்ணீர் நின்றுவிட்டால், என்னதான் பார்த்துப் பார்த்து டிரெஸ்ஸிங் கலந்தாலும் அது ஒட்டாமல் வழிந்து கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கிவிடும். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் காயை உலர்த்துவதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

நான்கு பேருக்குச் சுமார் 400 கிராம் ப்ரோக்கோலி போதும். மொட்டுகள் நெருக்கமாக, நல்ல கரும்பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள், மஞ்சள் தட்டியிருந்தால் வேண்டாம். உப்புத் தண்ணீரில் தலைகீழாகப் பத்து நிமிடம் போட்டு வைத்து அலசினால் உள்ளே இருக்கும் பூச்சி, புழு பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அப்புறம் பூக்களை ஒரே வாயில் போகிற அளவுக்குச் சின்னதாக நறுக்குங்கள். தண்டைத் தூக்கிப் போட வேண்டாம். நார் நாரான மேல்தோலைச் சீவிவிட்டு மெல்லிய வில்லையாக நறுக்கிப் போட்டால், என்னைக் கேட்டால், பூவை விட அதுதான் ருசி.

பச்சையாகவே போடலாமா? தாராளமாக. ஆனால் பச்சை வாடை பிடிக்காதவர்கள், கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒரே ஒரு நிமிடம் போட்டு எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே மேலும் வெந்து குழைந்துவிடும், கந்தக வாடையும் கிளம்பும். ஆறியதும் வடித்து, சுத்தமான துணியில் பூப்பக்கம் கீழே பார்க்கும்படி கால் மணி நேரமாவது பரப்பி வையுங்கள்.

அந்த நேரத்தில் டிரெஸ்ஸிங். 3 மேசைக்கரண்டி வினிகரில் 2 மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். எண்ணெயை முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள், சர்க்கரை எண்ணெயில் கரையாது, கடைசிவரை நறநறவென்றே இருக்கும். பொடியாக நறுக்கிய பாதி வெங்காயத்தையும் ஒரு கைப்பிடி உலர் திராட்சையையும் இந்த வினிகரிலேயே பத்து நிமிடம் ஊற விட்டால் வெங்காயத்தின் காரம் அடங்கும், திராட்சையும் உப்பி வரும். பிறகு 3 மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் மிளகுத்தூள். கெட்டியாக வேண்டுமென்றால் எண்ணெய்க்குப் பதில் மயோனைஸும் தண்ணீர் வடித்த தயிரும் பாதிப் பாதி சேர்க்கலாம். வினிகர் இல்லையா, எலுமிச்சைச் சாறு போதும், ஆனால் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் ருசி பார்த்துக்கொண்டே ஊற்றுங்கள்.

எப்போது கலப்பது என்பது காயைப் பொறுத்தது. பச்சைக் காய் என்றால் சில மணி நேரம் முன்பே கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஊற ஊறத்தான் நன்றாக இருக்கும். வெந்நீரில் போட்டு எடுத்ததைப் பரிமாறுவதற்குச் சற்று முன்பு கலந்தால் போதும், புளிப்பில் நேரமாக ஆக அந்தப் பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பேறிவிடும். ருசி ஒன்றும் கெடாது, பார்க்கத்தான் சுமாராக இருக்கும்.

வறுத்த வேர்க்கடலையோ சூரியகாந்தி விதையோ தட்டில் போட்ட பிறகு தூவுங்கள். மீந்தால் மூடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். அடியில் கொஞ்சம் நீர் விட்டிருக்கும், அதை வடித்துவிட்டு ஒரு சொட்டு வினிகர் சேர்த்துக் கிளறிக்கொள்ளுங்கள்.