ஓர் அதிர்ச்சி வெற்றியைத் திரும்பப் பார்ப்பது எப்படி

ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று எல்லோரும் சொன்ன ஆட்டத்தில் உங்கள் அணி ஜெயித்துவிட்டது. முதல் இரண்டு நாள் எதையும் ஆராயாதீர்கள். கத்துங்கள், தெரிந்தவர்களையெல்லாம் தொலைபேசியில் கூப்பிடுங்கள், அந்தக் கோலை எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள். மூன்றாம் நாள் முழு ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுங்கள். ஐந்து நிமிடத் தொகுப்பு இதற்கு உதவாது. தொகுப்பில் கோல்களும் தவறிய வாய்ப்புகளும் மட்டுமே இருக்கும். உங்கள் அணி ஏன் ஜெயித்தது என்பதற்கான பதில் பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே, ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும் நிமிடங்களில் கிடக்கிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சவூதி அரேபியா. 2022 நவம்பர் 22, கால்பந்து உலகக் கோப்பை, கத்தாரின் லுசைல் மைதானம், அர்ஜென்டினாவுக்கு எதிராக 2-1. அந்த ஆட்டத்தை இதுவரை ஏழு முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். என் மாமா பல ஆண்டுகள் சவூதியின் தம்மாமில் வேலை பார்த்தவர். 1994 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக சயீத் அல் ஒவைரான் தன் பாதியிலிருந்தே பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, குறுக்கே வந்தவர்களையெல்லாம் கடந்து கோல் அடித்தார். அடுத்த விடுமுறைக்கு வந்த மாமாவின் பெட்டியில் எனக்கு ஒரு பச்சைச் சட்டை இருந்தது. அப்போது எனக்கு 9 வயது. 2002இல் ஜெர்மனியிடம் 8-0 என்று தோற்றபோதும், 2018இன் தொடக்க ஆட்டத்தில் ரஷ்யாவிடம் 5-0 என்று தோற்றபோதும் அந்தச் சட்டையை நான் ஒளித்து வைக்கவில்லை. ஆகவே லுசைல் வெற்றிக்குப் பிறகும் 'கத்துக்குட்டி அணி', 'அதிர்ஷ்டம்' என்ற சொற்கள் காதில் விழுந்தபோது தாங்க முடியவில்லை. கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் பந்தின் பின்னாலேயே போவார், பெரிய அணியின் பெயர்களையே அதிகம் சொல்வார், நம் கண்ணும் அந்தக் குரலோடு போய்விடும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நிமிடம், வலப்பக்கம் நீங்கள் கண்டது. கோல்களை எழுத வேண்டாம், அவை எப்படியும் மனப்பாடம்.

கவனிக்க வேண்டிய முதல் விஷயம், உங்கள் அணியின் கடைசித் தற்காப்பு வீரர் எங்கே நிற்கிறார் என்பது. எதிரணியின் நடுக்கள வீரர் பந்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்துங்கள். புல் வெட்டும்போது விழுந்த வெளிர் பச்சை, அடர் பச்சைப் பட்டைகளே உங்கள் அளவுகோல். நடுக்கோட்டிலிருந்து எத்தனை பட்டை தள்ளி அவர் நிற்கிறார் என்று எண்ணி எழுதுங்கள். தொலைக்காட்சிப் படத்தில் எல்லா நேரமும் அவர் தெரிய மாட்டார். தெரிகிறபோது எழுதினால் போதும். பத்துப் பன்னிரண்டு முறை எழுதிய பிறகு தாளைப் பாருங்கள், உங்கள் பயிற்சியாளர் என்ன நினைத்தார் என்பது அதில் இருக்கும்.

லுசைலில் என் தாள் காட்டியது இது. முதல் பாதி முழுவதும் சவூதித் தற்காப்பு வரிசை பயந்து பின்வாங்கவில்லை. 10ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்ட பிறகும் நடுக்கோட்டை ஒட்டியே நின்றது. அப்படி நின்றால் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். மெஸ்ஸியும் லவுதாரோ மார்ட்டினஸும் அந்த வெற்றிடத்துக்குள் திரும்பத் திரும்ப ஓடினார்கள். மூன்று முறை பந்து வலைக்குள் போனது, மெஸ்ஸி ஒன்று, லவுதாரோ இரண்டு. மூன்றும் ஆஃப்சைடு, அதாவது சக வீரர் பந்தை அடித்த கணத்தில் ஓடியவர் நம் கடைசித் தற்காப்பு வீரரைத் தாண்டி நின்றதால் கோல் செல்லாது. நேரலையில் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடைத்தது, 5-0 ஆகப்போகிறது என்றே நினைத்தேன். நாம் மிக மோசமாக ஆடியதாக எனக்குப் பட்ட நேரம் அது. திரும்பப் பார்த்தபோது வெற்றி அங்கேதான் கட்டப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒவ்வோர் ஆஃப்சைடையும் பந்து காலை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். தற்காப்பு வீரர்கள் ஒரே கோட்டில் இருக்கிறார்களா? ஒருவர் முன்னால் அடியெடுத்து வைக்கும்போது மற்றவர்களும் வைக்கிறார்களா? எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்க இப்படிச் சேர்ந்து முன்னேறுவதுதான் பொறி; நால்வரில் ஒருவர் தாமதித்தாலும் அது கிழிந்துவிடும். ஒருமுறை அது சரியாக விழுந்தால் தற்செயல் என்று சொல்லலாம். அர்ஜென்டினா முதல் பாதியில் மட்டும் 7 முறை ஆஃப்சைடில் சிக்கியது, ஆட்டம் முழுவதிலும் 10 முறை. ஏழு முறை தற்செயலாக விழும் பொறி எங்கும் கிடையாது. அந்தச் சவூதி அணியின் 26 பேரும் அப்போது தங்கள் நாட்டு லீகிலேயே ஆடியவர்கள், அவர்களில் பலர் அல் ஹிலால் கிளப்பில் ஒன்றாக ஆடியவர்கள். பக்கத்தில் நிற்பவன் எப்போது அடியெடுத்து வைப்பான் என்பது இவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. வெளிநாட்டு லீக் அனுபவம் இல்லை என்று ஆட்டத்துக்கு முன் குறையாகச் சொல்லப்பட்டதே அன்று பலமாக நின்றது.

மைதானத்துக்கு வெளியே உள்ள காரணங்களையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் உலகக் கோப்பையில் அரைத் தானியங்கி ஆஃப்சைடு தொழில்நுட்பம் முதன்முதலாக வந்தது கத்தாரில்தான். கூரைக்குக் கீழே 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடரும். பந்துக்குள் இருக்கும் உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். லவுதாரோவின் முதல் கோலை நடுவர் கொடுத்துவிட்டார், பிறகு விஏஆர் (காணொளியைப் பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் முறை) அதை மறுத்தது. தோளின் ஓரம் மட்டும் வெளியே இருந்தது. கொடி பிடிக்கும் மனிதக் கண்ணை மட்டும் நம்பி இவ்வளவு துணிச்சலாக முன்னால் நிற்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அது உங்கள் அணியின் பெருமையைக் குறைக்காது. விதி எப்படி அளக்கப்படுகிறது என்பதை அறிந்து ஆடுவதும் ஆட்டம்தான்.

இரண்டாம் முறை வேறொன்றை அளக்க வேண்டும். எதிரணியின் நடுக்கள வீரர் பந்தை வாங்கித் தலையை நிமிர்த்தும்போது, உங்கள் ஆள் ஒருவர் அவரை நெருங்க எத்தனை நொடி ஆகிறது? கையால் தட்டி எண்ணினால் போதும். வரிசை முன்னால் நிற்பது இந்த நெருக்கடியை நம்பித்தான். பந்து வைத்திருப்பவருக்கு நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தால் என்றாவது ஒரு பாஸ் சரியான கணத்தில் வந்துவிடும். முதல் பாதியில் நான் எண்ணியபோது பல இடங்களில் மூன்று நொடி, நான்கு நொடி. மெஸ்ஸி நடுக்களத்தில் பந்தோடு திரும்புகிறார், நம் ஆட்கள் இரண்டு கஜம் தள்ளி நின்று பார்க்கிறார்கள். பயிற்சியாளர் ஹெர்வே ரெனார்ட் இடைவேளையில் கொதித்தது இதற்காகத்தான். உடைமாற்றும் அறையில் எடுத்த காணொளி பிறகு வெளியானது. மெஸ்ஸியோடு படம் எடுத்துக்கொள்ள ஆசையென்றால் கைபேசியை எடுத்துக்கொண்டு போங்கள் என்ற பொருளில் அவர் கத்துகிறார். இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடத்தை எண்ணிப் பாருங்கள், ஒரு நொடி, ஒன்றரை நொடி. அணித் தலைவர் சல்மான் அல் பராஜ் காயத்தால் இடைவேளைக்கு முன்பே வெளியேறியிருந்தார். அப்படியும் அந்த வேகம் வந்தது.

உங்கள் அணியின் வெற்றி வேறு வகையாகவும் இருக்கலாம். அதற்கு ஏற்ப அளவுகோலை மாற்றிக்கொள்ளுங்கள். 2012 நவம்பரில் பார்சிலோனாவை 2-1 என்று வென்ற செல்டிக் அணியிடம் பந்து ஐந்தில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. அங்கே தற்காப்பு வரிசையின் உயரத்தைத் தேடிப் பயனில்லை, பெனால்டிப் பெட்டிக்குள் யார் யாரைப் பிடித்தார் என்பதையும் கோல்கீப்பர் பிரேசர் பார்ஸ்டரையும் பார்க்க வேண்டும். சவூதி வென்ற மறுநாளே ஜெர்மனியை 2-1 என்று சாய்த்த ஜப்பானின் கதை இடைவேளையில் திரும்புகிறது. டொமியாசுவை இறக்கி மையத் தற்காப்பில் மூவரை நிறுத்தினார்கள், இரண்டு கோலையும் மாற்று வீரர்களே அடித்தார்கள். அந்த ஆட்டத்தை 46ஆவது நிமிடத்திலிருந்து இருமுறை பார்க்கலாம்.

கோல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து நொடி பின்னால் போய்ப் பாருங்கள் என்பது மட்டும்தான். 48ஆவது நிமிடம்: அல் புரைகானின் பாஸ் வருவதற்கு முன்பே சலே அல் ஷெஹ்ரி ஓடத் தொடங்கிவிட்டார், அர்ஜென்டினாவின் ரொமேரோ பின்னாலிருந்து துரத்த வேண்டியதாயிற்று. 53ஆவது நிமிடம்: சலேம் அல் தவ்சாரி பெட்டியின் இடது ஓரத்தில் பந்தை அடக்கி, திரும்பி, ஆட்களைக் கழற்றிவிட்டு, தொலைவு மூலைக்கு மேலாக அடித்தார். அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினஸின் விரல் பட்டும் பந்து நிற்கவில்லை. இதை ஆராய மாட்டேன். சில கோல்களை அனுபவிப்பதோடு விட்டுவிட வேண்டும்.

முன்னிலை பெற்ற பிறகு வருவதுதான் ரசிகர்கள் திரும்பப் பார்க்க மறுக்கும் பகுதி. கட்டாயம் பாருங்கள். 59ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினா ஒரே நேரத்தில் மூன்று மாற்று வீரர்களை இறக்கியது. வரிசை எப்போது பின்வாங்கத் தொடங்குகிறது என்று உங்கள் பட்டைக் கணக்கைத் தொடருங்கள். இரண்டாம் பாதியில் 3 ஆஃப்சைடு மட்டுமே, பின்னால் ஓட இடம் சுருங்கிவிட்டது என்று பொருள். கோல்கீப்பர் முகமது அல் ஒவைஸ் எந்தப் பந்துக்கு வெளியே வருகிறார், எதற்குக் கோட்டிலேயே நிற்கிறார் என்று குறியுங்கள். 90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் அவர் இடம் விட்டு வெளியேறியிருந்த ஒரு கணத்தில் அல்வாரெஸ் அடித்த பந்தைக் கோட்டருகே நின்று தலையால் வெளியேற்றியவர் அப்துலேலா அல் அம்ரி. எந்தத் தொகுப்பிலும் அந்தத் தலை ஒரு நொடிக்கு மேல் வராது. எனக்கு அது மூன்றாவது கோல். அதன் பிறகு யாசர் அல் ஷஹ்ரானி தன் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், ஆட்டம் 100 நிமிடத்தைத் தாண்டியது. அவரைத் தூக்கிச் செல்லும் காட்சியை நான் ஒரு முறைக்கு மேல் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கச் சொல்லவில்லை.

இனி அதிர்ஷ்டத்தின் பங்கை நேர்மையாக எழுதுங்கள். தாளின் பின்பக்கம் போதும். கோலுக்கு முயன்று சவூதி அடித்த பந்துகள் மொத்தம் 3, அர்ஜென்டினா 15. மூன்றில் இரண்டு வலைக்குள் போவது எல்லா நாளும் நடக்காது. ஆஃப்சைடு கோடு கையளவு மாறியிருந்தால் இடைவேளையில் 2-0. இதை ஒப்புக்கொள்ள முதலில் எனக்கு மனம் வரவில்லை, இரண்டு நாள் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. எழுதிய பிறகுதான் முன்பக்கத்தில் இருந்தவை உறுதியாகத் தெரிந்தன. ஏழு ஆஃப்சைடு, அந்த ஒன்றரை நொடி, அல் அம்ரியின் தலை. 'அதிர்ஷ்டம்' என்று யாராவது சொன்னால் இப்போது என் குரல் உயர்வதில்லை, தாளை எடுத்துக் காட்டுகிறேன்.

எதிரணிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 36 ஆட்டங்களாகத் தோல்வி காணாமல் வந்த அணி அது. பொறியில் மூன்று முறை சிக்கிய பிறகும் அதே ஓட்டத்தை ஓடியது, அவசரம் கூடக் கூட இன்னும் நேராக ஓடியது.

ஒரு வேண்டுகோள். இந்த ஆட்டத்தைப் பின்னால் வந்தவற்றை வைத்து அளக்காதீர்கள். அடுத்த ஆட்டத்தில் போலந்திடம் 0-2, அல் தவ்சாரியின் பெனால்டியை ஷெஸ்னி தடுத்தார். மெக்சிகோவிடம் 1-2, சவூதி வெளியேறியது. அர்ஜென்டினா அதே லுசைலில் டிசம்பர் 18 அன்று கோப்பையைத் தூக்கியது. அதனால் முதல் தோல்விக்கு மதிப்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். உலகக் கோப்பையை வென்ற அணியை அந்தத் தொடரில் தோற்கடித்த ஒரே அணி எது என்று அவர்களைக் கேளுங்கள்.

கடைசி முறை பார்க்கும்போது தாள் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உங்களோடு அந்த அணியை நேசிக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒலியை நன்றாகக் கூட்டிவிடுங்கள். நான் மாமாவோடு பார்த்தேன். ஓய்வு பெற்றுத் திரும்பிவிட்டார், முழங்கால் வலியால் நாற்காலியை விட்டு எழவே தயங்குகிறார். மூன்று ஆஃப்சைடுகளையும் பட்டைக் கணக்கோடு அவருக்கு விளக்கினேன், பொறுமையாகக் கேட்டார். 53ஆவது நிமிடத்தில் அல் தவ்சாரி பந்தை அடக்கியதும் என் கையைத் தட்டி, "பேசாதே மாப்பிள்ளை, பார்" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.