விக்டோரியா காலத்துப் பெண் ஓவியர் ஒருவரைத் தேடிக் கண்டறிவது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் பிரிட்டனில் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்களைப் பற்றி எழுத முனைபவர்கள் பலரும், அவர்கள் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே வரைந்து மறைந்தவர்கள் என்ற முடிவோடுதான் தொடங்குகிறார்கள். பதிவேடுகளைப் புரட்டினால் அந்த முடிவு நிலைக்காது. அவர்கள் கண்காட்சிகளில் படம் வைத்தார்கள், விற்றார்கள், பத்திரிகைகளின் பாராட்டையும் ஏச்சையும் வாங்கினார்கள்; அந்தத் தடயங்கள் இன்று இரண்டு மூன்று பெயர்களின்கீழ்ச் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவே. இத்தகைய ஓவியர் ஒருவரின் வாழ்க்கையையும் படைப்புகளையும் வீட்டிலிருந்தபடியே, இணையத்தின் துணையோடு தொகுக்க விரும்பும் வாசகர் எந்த வரிசையில் தேட வேண்டும், எங்கெங்கே வழி தவறக்கூடும் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் பெயர்களுக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். லூயிஸ் ஜோப்ளிங் என்று இன்று அறியப்படுபவர் 1843இல் லூயிஸ் கூட் என்ற பெயரில் பிறந்தவர். மூன்று திருமணங்களின் வழியாக ரோமர், ஜோப்ளிங், ரோ என்ற பெயர்கள் அவருக்கு அடுத்தடுத்து வந்தன. போர்க்களக் காட்சிகளால் புகழ்பெற்ற எலிசபெத் தாம்சன் 1877இல் மேஜர் வில்லியம் பட்லரை மணந்து திருமதி பட்லரானார். 1886இல் கணவருக்கு சர் பட்டம் கிடைத்த பிறகு லேடி பட்லர் என்றே அழைக்கப்பட்டார். மான்செஸ்டர்க்காரரான ஆனி ஸ்வினர்ட்டன் 1883 வரை ஆனி ராபின்சன். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்கக் கடினமான செய்தியன்று. ஆனால் தேடுபொறிக்கு இது தெரியாது. ஆகவே பிறந்த பெயர், திருமணம் நடந்த ஆண்டு, கணவரின் முழுப்பெயர், பட்டம் ஆகிய நான்கையும் உறுதிசெய்துகொண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். கணவரின் பெயரின் முதலெழுத்துகளோடு ‘மிஸஸ்’ சேர்த்தும் தேடிப் பார்ப்பது நல்லது. மனைவியின் சொந்தப் பெயரே இல்லாமல் அச்சான பட்டியல்கள் ஏராளம்.

இரண்டாவதாகக் கண்காட்சிப் பட்டியல்களுக்குப் போக வேண்டும். லண்டனின் ராயல் அகாடமி என்ற கலைஞர் அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் கோடைக் கண்காட்சியின் பட்டியல்கள், 1769இல் தொடங்கி, முழுமையாக மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆண்டுவாரியாகப் புரட்டுவதற்கு முன், ஆல்ஜெர்னன் கிரேவ்ஸ் தொகுத்து 1905, 1906ஆம் ஆண்டுகளில் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட அகரவரிசையைப் பார்த்தால் வேலை பாதியாகும். 1904 வரை அங்கே படம் வைத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, ஆண்டு, படத்தின் எண், தலைப்பு எல்லாம் அதில் உண்டு. இவற்றுள் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது முகவரியைத்தான். என் அனுபவத்தில் மிகவும் நம்பத்தக்க சான்று அதுவே: ஓர் ஆண்டில் ‘மிஸ்’ என்று குறிக்கப்பட்டவரும் அடுத்த ஆண்டில் வேறு குடும்பப் பெயரோடு ‘மிஸஸ்’ என்று குறிக்கப்பட்டவரும் ஒருவரேதானா என்ற ஐயம் எழும்போது, ஒரே தெருவும் ஒரே கதவிலக்கமும் அதைப் பெரும்பாலும் தீர்த்துவைக்கும். கையிலுள்ள முகவரியை 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிடலாம். அதன் பெயர்ப்பதிவுகளைக் கட்டணமின்றித் தேட முடியும். ஆனால் அங்கே தொழில் என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பெண் ஓவியரல்லர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மணமான பெண்களின் தொழிலைக் கணக்கெடுப்பாளர்கள் எழுதாமல் விட்ட இடங்கள் பல.

தலைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 1874ஆம் ஆண்டுக் கண்காட்சியில் எலிசபெத் தாம்சனின் கிரிமியப் போர்ப் படத்தைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்ததால், படத்தைக் காக்கக் காவலர் ஒருவரை நிறுத்தவேண்டி வந்தது. படத்தை வரையச்சொல்லிப் பணம் கொடுத்திருந்த மான்செஸ்டர் தொழிலதிபர் அதை விக்டோரியா அரசிக்கு விட்டுக்கொடுத்தார். இன்று எல்லாரும் ‘ரோல் கால்’ என்று சொல்லும் அந்தப் படம், பட்டியலில் ‘காலிங் த ரோல் ஆஃப்டர் அன் எங்கேஜ்மென்ட், கிரிமியா’ என்ற நீண்ட தலைப்பில் இருக்கிறது. புகழ்பெற்ற படத்துக்கே இந்த நிலை என்றால், ‘ஓய்வு’, ‘தோட்டத்தில்’ என்றெல்லாம் பெயரிடப்பட்ட சிறிய படங்களை அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய இடங்களில் ஹென்றி பிளாக்பர்ன் 1875 முதல் ஆண்டுதோறும் வெளியிட்ட கண்காட்சிக் குறிப்பேடுகள் கைகொடுக்கும். தேர்ந்தெடுத்த படங்களின் சிறு கோட்டுருவங்கள் அவற்றில் அச்சாகியிருப்பதால், தலைப்பை நம்பாமல் உருவ அமைப்பை வைத்தே ஒப்பிட்டுவிடலாம்.

ராயல் அகாடமியோடு தேடலை நிறுத்திக்கொள்வது பெரும்பிழை. பெண்களுக்கு அங்கே சுவர் கிடைத்தது, உறுப்பினர் இருக்கை கிடைக்கவில்லை. 1768இல் அகாடமியைத் தொடங்கியவர்களில் ஆங்கெலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்கள் இருந்தும், அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் ஒரு பெண்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 1879இல் எலிசபெத் பட்லர் துணை உறுப்பினர் பதவியை இரண்டே வாக்குகளில் இழந்தார். 1922இல் ஆனி ஸ்வினர்ட்டனுக்கு அது கிடைத்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஆகவே அகாடமிக்கு வெளியே இருந்த கூடங்களின் பட்டியல்களையும் தேட வேண்டும். 1877இல் திறக்கப்பட்ட கிராவ்னர் கேலரியும் 1888இல் திறக்கப்பட்ட நியூ கேலரியும் ஈவ்லின் டி மார்கனைத் தேடுவோர் விடக்கூடாத இடங்கள். மேரி ஸ்பார்டாலி 1867இல் டட்லி கேலரியில் படம் வைத்தார். ‘ஸ்காட்லாந்து ஃபார் எவர்’ என்ற பட்லரின் குதிரைப்படைப் படம் 1881இல் காட்டப்பட்டது பிக்காடிலியிலிருந்த எகிப்தியன் ஹாலில். பெண்களே நடத்திய லண்டன் சங்கமொன்று 1857இல் முதல் கண்காட்சி வைத்தது. அதன் பெயர் ‘ஃபீமேல் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்று தொடங்கி, ‘லேடி ஆர்ட்டிஸ்ட்ஸ்’ ஆகி, 1899இல் ‘விமன் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்று நின்றது. மூன்று பெயர்களிலும் தேடுங்கள்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு படத்தைப் பார்க்க அமரலாம். பார்ப்பதற்கு முன் அவர் எங்கே, என்ன பயின்றார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் இந்த வேலையின் மையப்பகுதி என்பது என் கருத்து. அகாடமியின் பள்ளிக்குள் 1860இல் லாரா ஹெர்ஃபோர்டு நுழைந்தது, அனுப்பிய ஓவியங்களில் முதற்பெயரை எழுதாமல் வெறும் முதலெழுத்தை மட்டும் இட்டதால்தான். உள்ளே வந்தும், ஆடையில்லா மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்பு பெண்களுக்கு நெடுங்காலம் மூடியே இருந்தது. 1890களில் ஒருவழியாக இசைந்தபோது போட்ட நிபந்தனையைப் படித்தால் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியாது: மாதிரியாக நிற்கும் ஆண் குளியல் கால்சட்டை அணிய வேண்டும், அதன்மேல் 9 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட மெல்லிய துணியை இடுப்பில் சுற்றிக் கால்களுக்கிடையே கொண்டுவந்து செருக வேண்டும், அது நழுவாதிருக்க மெல்லிய தோல்வாரும் கட்ட வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1871இல் தொடங்கிய ஸ்லேட் பள்ளியோ தொடக்கத்திலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாதிரியைப் பார்த்து வரையவும் வழிசெய்தது. ஈவ்லின் பிக்கரிங், அதாவது பிற்கால டி மார்கன், 1873இல் அங்கே சேர்ந்து உதவித்தொகையும் வென்றார். 1877இல் கிராவ்னர் கேலரியில் இடம்பெற்ற அவரது ‘அரியாட்னி இன் நாக்சஸ்’ படத்தில், கடற்கரை மணலில் கிடக்கும் பெண்ணின் உடல் சிவப்பு ஆடைக்குள்ளும் தன் எடையோடு படுத்திருப்பதைப் பார்க்கும்போது, அந்த வகுப்பறையின் பயன் புலப்படும்.

வகுப்பறை தராததை வேறு வழியில் ஈட்டியவர்களும் உண்டு. 1875இல் காட்டப்பட்டு இன்று மெல்போர்னில் இருக்கும் ‘குவாட்ர் ப்ரா’ படத்துக்காக எலிசபெத் தாம்சன், இங்கிலாந்தின் சாத்தம் நகரில் இருந்த ராயல் எஞ்சினியர்ஸ் படைவீரர்கள் சதுர அணியில் நின்று சுட்டுக்காட்டுவதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். மிதிபட்ட பயிர் எப்படிச் சாய்ந்து கிடக்கும் என்று அறிய, விளைந்த ரை தானிய வயல் ஒன்றைத் தேடிப்பிடித்து மிதிக்கச் செய்தார். பெண்களால் ஓவியம் தீட்ட முடியாது என்று எப்போதும் சொல்லிவந்த கலை விமர்சகர் ரஸ்கின், இந்தப் படத்தின் முன்னால் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். இவற்றையெல்லாம் அறிந்து பார்ப்பவர், படத்தின் குறைகள் அனைத்துக்கும் பயிற்சி மறுக்கப்பட்டதையே காரணமாகச் சொல்லவும் மாட்டார்; சில படங்கள் வெறுமனே சுமாரான படங்கள்தாம்.

படத்தின் உயர்தரப் பிரதி திரையில் கிடைத்தால் கீழ் மூலைகளைப் பெரிதாக்கிக் கையொப்பத்தைப் பாருங்கள். 1890இல் ராயல் வாட்டர்கலர் சொசைட்டியின் முழு உறுப்பினரான முதல் பெண், ஹெலன் அலிங்கம். இவர் முன்சொன்ன லாரா ஹெர்ஃபோர்டின் சகோதரி மகளும்கூட. தம் குடிசை வீட்டுப் படங்களில் ‘எச். அலிங்கம்’ என்று எழுதினார். 1874இல் மணமாவதற்கு முன் அவர் ஹெலன் பேட்டர்சன் என்பதால், கையொப்பமே காலத்தைப் பிரித்துக் காட்டிவிடும். அதைவிடவும் பயனுள்ளது கித்தானின் பின்புறம். வண்ணமும் கித்தானும் விற்ற கடைகள் தங்கள் முகவரியோடு முத்திரை குத்துவது வழக்கம்; கடை இடம் மாறிய ஆண்டுகளை லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் தொகுத்து வைத்துள்ள பட்டியலில் பார்த்தால், கித்தான் எந்த ஆண்டுக்குப் பிற்பட்டது என்று தெரிந்துவிடும்.

சிலரைத் தேடும்போது தேடுபொறி வேறொருவரையே கொண்டுவந்து நிறுத்தும். மேரி ஸ்பார்டாலி ஸ்டில்மன் என்று இட்டால் ஓவியர் ரோசெட்டி தீட்டிய அவரது முகமும் ஜூலியா மார்கரெட் கேமரன் அவரை எடுத்த ஒளிப்படமும் முன்னால் வரும். ஓவியர் ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுனிடம் பயின்று மேரியே தீட்டியவை பின்னால் தள்ளப்பட்டிருக்கும். அமெரிக்காவின் டெலவேர் கலை அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் இருப்பதால் அங்கிருந்து தொடங்குவது சுருக்கவழி. ஈவ்லின் டி மார்கனின் படங்கள் பலவற்றை அவர் தங்கை திரட்டிக் காத்ததால்தான் அவை இன்று ஓர் அறக்கட்டளையின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஆயினும் 1991இல் கிடங்கொன்றில் பிடித்த தீயில் சில எரிந்துபோயின. அவற்றுக்குப் பழைய ஒளிப்படங்களே சான்று.

தமிழ் வாசகருக்கு எளிதான நுழைவாயில் மரியான் நார்த். இவருக்கு மேற்சொன்ன வழிகள் பொருந்தா. கூடங்களுக்குப் படம் அனுப்பிப் பெயர் வாங்கும் தொழில்முறை ஓவியராக அவர் வாழவில்லை. நாடு நாடாகச் சென்று, செடிகளை அவை வளர்ந்த இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1870களின் பிற்பகுதியில் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் வந்தார். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த வடமொழி அறிஞர் பர்னெலோடு நட்புக்கொண்டு நெடுநாள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவர் சொந்தச் செலவில் கட்டிய கூடம் 1882இல் லண்டனின் கியூ தோட்டத்தில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் ஃபெர்குசன் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதியவர். 800க்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சுவர் தெரியாதபடி நாடுவாரியாக நெருக்கி மாட்டப்பட்டுள்ளன. இவரை ஆண்டு வைத்துத் தேடாமல் இடம் வைத்துத் தேட வேண்டும். அதுவும் தஞ்சாவூர் என்றில்லாமல் ‘டாஞ்சூர்’ என்ற பழைய எழுத்துக்கூட்டலில்.

கடைசி வேலை கடிதம் எழுதுவது. பிரிட்டனின் நகராட்சி அருங்காட்சியகங்களில் இருக்கும் படங்களில் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கிறது. ‘ஆர்ட் யூகே’ இணையதளத்தில் அவற்றின் சிறு பிரதியும் சேகரிப்பு எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, படம் எப்போது, யாரிடமிருந்து வந்தது, பின்புறத்தில் ஒட்டுச்சீட்டு ஏதும் உண்டா, அதை ஒளிப்படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று சுருக்கமாகக் கேளுங்கள். பதில் வந்ததும், ஒட்டுச்சீட்டில் உள்ள பெயரை அதிலுள்ள எழுத்துக்கூட்டலிலேயே உங்கள் அட்டவணையில் ஏற்றி, முகவரியைக் கிரேவ்ஸ் தரும் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.