ஆடி மாதம் வட சென்னையில்: பம்பை, உடுக்கை, கரகம் பார்க்க வருவோருக்கு

சென்னையில் இசை கேட்க வேண்டும் என்றால் மார்கழியில் வந்து சபா சபாவாக ஏறி இறங்குவதுதான் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களின் வழக்கம். ஆடியிலும் ஒருமுறை வாருங்கள். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் தெருத்தெருவாக அம்மன் திருவிழாதான். கனடா, லண்டனில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அந்தச் சமயம்தான்.

எல்லாக் கோயிலுக்கும் ஒரே தேதி கிடையாது. ஒவ்வொரு தெரு அம்மனுக்கும் ஒரு வாரம், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. தெருமுனை பேனரைப் பாருங்கள், இல்லையென்றால் பூக்கடை அக்காவிடம் "எப்போ கூழ் ஊத்துறாங்க?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்லிவிடுவார். பகலில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், முருங்கைக் கீரை, பல இடங்களில் கருவாட்டுக் குழம்பும் உண்டு. சொம்போ பாத்திரமோ கொண்டுபோனால் நல்லது. இரவில் கும்பம் படைப்பார்கள், அதாவது சோற்றைக் குவித்து அம்மனுக்குப் படையல். பலர் கூழ் குடித்ததோடு கிளம்பிவிடுகிறார்கள், கிளம்பாதீர்கள்.

அம்மனாகத் தலையில் சுமந்து வரும் குடம்தான் கரகம். அதை ஜோடிக்கும் இடத்துக்கே போய்விடுங்கள், பம்பைக்காரர்கள் அங்கேதான் தொடங்குவார்கள். பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம், ஒன்று மரம், ஒன்று பித்தளை. இரண்டுக்கும் குரல் வேறு. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி விடும்போது சத்தம் ஏறி இறங்கும், அழுகிற மாதிரியே இருக்கும். உள்ளே பரல் போட்ட கைச்சிலம்பு கூடவே குலுங்கும். இதற்கு மேல் வர்ணிப்பு. அம்மனின் முகம், கண், நகை, வாகனம் என்று வர்ணித்து வர்ணித்து ஒருவர் கூப்பிட, மற்றவர்கள் வரியின் முடிவை வாங்கிப் பாடுவார்கள். முதலில் நிதானமாகத்தான் போகும். அப்புறம் அடி நெருங்கும், பாட்டு குறையும், மேளம் மட்டும் ஒலிக்கும். அந்த நேரத்தில்தான் யாருக்காவது அருள் வரும். ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டு எவ்வளவு பலமாக ஓடினாலும், இந்த இடத்தில் அதை நிறுத்திவிடுவார்கள்.

மேடையில் நீங்கள் பார்த்திருக்கும் கரகாட்டம் ஆட்டக் கரகம், வித்தை காட்டுவதற்கு உரியது. இங்கே தலையில் வருவது சக்திக் கரகம்: நீர் நிறைத்த குடம், வேப்பிலை, பூ. அதை எடுப்பவர் காப்புக் கட்டி விரதம் இருந்தவர். அவர் ஆடும் அடி எளிமையானதுதான், ஆனால் பம்பையோடு இம்மி பிசகாது. எனக்கு எந்த மேடை நடனமும் இந்த அளவுக்கு மனதில் தங்கியதில்லை.

சாமி வந்தவரின் முகத்துக்கு நேராக செல்பேசியை நீட்டாதீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பினால் கைகூப்பி "தாயே" என்றால் போதும், எலுமிச்சம்பழமோ வேப்பிலையோ கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள். கற்பூரம் காட்டிச் சாமி மலையேறும்வரை, அதாவது அருள் அடங்கும்வரை, குறுக்கே போகக் கூடாது. ஊர்வலம் வரும் வழியில் செருப்பு வேண்டாம், தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், பிள்ளைகள் வழுக்குவார்கள், பிடித்துக்கொள்ளுங்கள். பம்பைக்காரர்கள் டீ குடிக்க உட்காரும்போது "அண்ணா, நீங்க எந்த ஊரு செட்டு?" என்று கேட்டுப் பாருங்கள், ஆசையாகப் பேசுவார்கள். அன்பளிப்பை அவர்கள் கையிலேயே கொடுங்கள். உண்டியலில் போடும் பணம் அவர்களுக்குப் போகாது.

தங்குவதற்கு வட சென்னையிலேயே இடம் தேட வேண்டியதில்லை, மெட்ரோ ரயில் விம்கோ நகர்வரை போகிறது. திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில் பக்கத்தில்தான். ஒருநாள் ஒதுக்க முடிந்தால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கும் போங்கள், வேப்பஞ்சேலை கட்டி வலம் வருபவர்களை அங்கே பார்க்கலாம். ஆடி ஞாயிறுகளில் கூட்டம் நெரியும், வயதானவர்களோடு போவதாக இருந்தால் வார நாளே நல்லது.

ஆடியில் விடுப்பு கிடைக்கவில்லையா? மகா சிவராத்திரியை ஒட்டி, மாசி அமாவாசைக்கு அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை, அதாவது அம்மன் மயானத்துக்கு ஊர்வலமாகப் போகும் விழா, நடக்கும். பம்பை அன்றைக்கும் உண்டு. காளி வேடம் கட்டியவர்கள் ஆவேசமாக வருவார்கள், சின்னக் குழந்தைகள் பயப்படலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.