ஃபேர் தீவுக்கு வலசைப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து என்ற இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவே கடலில் தனியாகக் கிடக்கிறது ஃபேர் தீவு. நீளம் சுமார் 5 கிலோமீட்டர்தான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை, வலசை பார்க்க இதைவிட நல்ல தீவை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் அவர்கள் போட்ட திட்டம்தான்.

சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பலாம் என்று கணக்குப் போடுவது முதல் தவறு. பனிமூட்டமோ பலத்த காற்றோ வந்தால் சிறு விமானமும் படகும் நின்றுவிடும். அதைவிட முக்கியம், அந்த இரண்டு நாளும் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எல்லாமே காற்றைப் பொறுத்ததுதான். ஸ்காண்டிநேவியாவில் வானம் தெளிந்த இரவில் தெற்கே கிளம்பும் சிறு பறவைகள், வட கடலுக்கு மேல் மேகத்திலும் மழையிலும் சிக்கினால் திசை தடுமாறுகின்றன. கிழக்கு, தென்கிழக்குக் காற்று அவற்றை மேற்கே தள்ளிக்கொண்டு வரும். கண்ணில் படும் முதல் நிலத்தில் இறங்கிவிடும். அதனால் நல்ல வெயில் அடிக்கும் நாளைத் தேடிப் போகாதீர்கள். கிழக்குக் காற்றோடு தூறல் விழும் நாள்தான் நமக்கு நல்ல நாள். காலையில் ஒன்றுமில்லை என்று அறைக்குத் திரும்பிவிடவும் வேண்டாம். மதியம் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும், காலையில் வெறிச்சோடிக் கிடந்த அதே சுவரோரத்தில் பறவைகள் நிறைந்திருக்கலாம். சரி, மேற்குக் காற்றே அடித்துக்கொண்டிருந்தால்? அது வடமேற்குக் காற்றாகத் திரும்பும்போது ஐஸ்லாந்திலிருந்து வாத்துகளும் ஹூப்பர் அன்னங்களும் வரும். அவற்றைப் பாருங்கள்.

பஃபின் என்ற கடற்பறவையை எதிர்பார்த்து அக்டோபரில் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகஸ்டிலேயே அவை கடலுக்குப் போய்விடும்.

அப்புறம், மரத்தைத் தேடி அலைவது. அங்கே மரம் மிகக் குறைவு. காட்டில் வாழும் குருவிகூட கல் சுவரிலும், ஓட்ஸ் வயலிலும், வாய்க்கால் புல்லிலும், செங்குத்துப் பாறை இடுக்கிலும்தான் ஒதுங்கும். சைபீரியாவிலிருந்து வரும் லேன்சியோலேட்டட் கதிர்க்குருவி எலி மாதிரி புல்லுக்குள் ஊர்ந்து போகும். பறக்கும் என்று தலையைத் தூக்கிக்கொண்டு நின்றால், காலடியில் கடந்து போவது தெரியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, படத்துக்காகப் பறவையை விரட்டுவது. கோல்ட்கிரெஸ்ட் என்ற சின்னஞ்சிறு குருவியின் எடை 5, 6 கிராம். அந்த உடம்போடு ஓர் இரவு முழுக்கக் கடலைத் தாண்டி வந்திருக்கிறது. சேர்த்து வைத்திருந்த கொழுப்பு தீர்ந்திருக்கும். பயமில்லாமல் நம் பக்கத்திலேயே பூச்சி பொறுக்கும். அதைப் பழகிய பறவை என்று நினைக்கக் கூடாது, பசி அப்படி. ஒவ்வொரு முறை நாம் எழுப்பி விடும்போதும் அது தின்னும் நேரம் போகிறது. ஓரிடத்தில் அசையாமல் உட்காருங்கள், அதுவே கிட்டே வரும். குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். வரிசையாக நின்று வாய்க்காலை மிதித்துக்கொண்டு போகவும் வேண்டாம். சுவர்மேல் ஏறினால் கல் சரியும், அது ஒரு விவசாயியின் சுவர்.

அரிய பறவை வேண்டும் என்ற ஆசையில் பார்ப்பதையெல்லாம் அரியதாக்கிவிடுவதும் நடக்கிறது. இந்தப் பருவத்தில் வருவதில் பெரும்பாலானவை அந்த ஆண்டுக் குஞ்சுகள். நிறம் புத்தகப் படத்தோடு அப்படியே ஒத்துப்போகாது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் புருவக்கோடு, இறக்கைப் பட்டை, கால் நிறம், குரல் என்று கண்டதை எழுதுங்கள். மஞ்சள் புருவக் கதிர்க்குருவியை அதன் கூர்மையான அழைப்பே பாதி காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கே 1948-இல் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் தொடங்கிய பறவை ஆய்வகம் இருக்கிறது. 2019-இல் கட்டடம் தீயில் எரிந்துபோய், மறுபடி கட்டியிருக்கிறார்கள். அன்றன்றைய பறவைக் கணக்கு அங்கே பதிவாகிறது. அவர்களிடம் அரியதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். சாதாரணமாக வரும் பறவைகளையும், சுவரோரம் பார்த்த ராபின் எத்தனை, வயலில் இறங்கிய ரெட்விங் எத்தனை என்பதையும் சொல்லுங்கள்.