ஃப்ராக்டல் ஓவியம்: படத்தை வைத்துக்கொண்டு எண்களைத் தொலைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் சாட்ஸ்வர்த்திலும், நம் பிள்ளைகள் சிலர் இப்போது கணினியில் ஃப்ராக்டல் படங்கள் செய்யப் பழகுகிறார்கள். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, நுணுக்கத்துக்குள் நுணுக்கமாக விரியும் படங்கள் அவை. அப்போஃபிசிஸ், ஜேவைல்ட்ஃபயர், மாண்டல்பல்ப் 3டி என்று ஆளுக்கொரு மென்பொருள். அவர்கள் கொண்டுவந்து காட்டுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் நான் தடுக்கிய அதே இடங்களில் அவர்களும் தடுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கண்ணைக் கூசும் வண்ணம், நெரிசலான வடிவம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகத் தானே சரியாகும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

படத்தை மட்டும் சேமிப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

தமிழ் வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி அப்போஃபிசிஸில் மயில் தோகை போல் விரியும் ஒரு படம் செய்திருந்தாள். அழகென்றால் அப்படியோர் அழகு. தைப்பூசக் காவடிக்குக் கோயில் முகப்பில் ஆறடி அகலப் பதாகையாகப் போடலாம் என்று பெரியவர்கள் கேட்டார்கள். என்னிடம் வந்தாள்.

"பாராமீட்டர் கோப்பு எங்கேம்மா?" படத்தை உருவாக்கிய எண்கள் இருக்கும் கோப்பைத்தான் கேட்டேன்.

"படம் இருக்கே மாமா, போன்ல."

போனில் இருந்தது வாட்ஸ்அப் வழியே சுருங்கி வந்த ஜேபெக். அகலம் 1280 பிக்சல். ஆறடி என்றால் 72 அங்குலம். கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 18 பிக்சல்கூடத் தேறாது. தள்ளி நின்று பார்க்கும் பதாகைக்கே அங்குலத்துக்கு நூறாவது வேண்டும். அதற்குள் லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டார்கள். அவள் உட்கார்ந்து மறுபடி மறுபடி முயன்றாள். சாயல் வந்தது, அந்தத் தோகை வரவில்லை. பதாகையில் வேறு படம் போனது.

ஏன் மீட்க முடியாது என்று புரிந்துகொள்ள வேண்டும். அப்போஃபிசிஸ் செய்வது ஃப்ளேம் வகை. 1992இல் ஸ்காட் டிரேவ்ஸ் உருவாக்கிய முறை. ஒரு ஃப்ளேமில் பல உருமாற்றங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆறு எண்கள், அவற்றின் மேல் 'ஸ்பெரிக்கல்', 'ஸ்வர்ல்' போன்ற வேரியேஷன்களின் (வடிவத்தை வளைத்து மாற்றும் விதிகளின்) அளவுகள், பிறகு வண்ண வரிசை, கேமரா. ஓர் எண்ணைக் கொஞ்சம் அசைத்தாலே தோகை கலைந்துவிடும். எண்களிலிருந்து படத்தை எத்தனை முறையும் வரவழைக்கலாம்; படத்திலிருந்து எண்களுக்குத் திரும்ப வழியில்லை.

கோலம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. புள்ளிக் கணக்கும் இழுக்கும் முறையும் கையில் இருந்தால் எந்த வாசலிலும், எந்த அளவிலும் போடலாம். 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கோலங்களுக்குக் கணினி இலக்கணம் எழுத முடிந்ததும் கோலம் விதிகளால் ஆனது என்பதால்தான்.

அந்த விதிகள் அடங்கிய ஃப்ளேம் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. பெரும்பாலும் சில கிலோபைட்தான். அது இருந்தால் ஏ1 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளியில், 7016-க்கு 9933 பிக்சல் படத்தை இன்று செய்தது போலவே பத்து ஆண்டு கழித்தும் எடுக்கலாம். அந்தச் சில கிலோபைட்டைத்தான் தொலைக்கிறார்கள்! கற்றுத்தரும் வீடியோக்கள் பலவும் நேராக 'எக்ஸ்போர்ட்' பொத்தானுக்குத் தாவிவிடுகின்றன, இதைச் சொல்வதே இல்லை.

கோப்பு மட்டும் போதாது. கூடுதல் ப்ளகின் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) பயன்படுத்தியிருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்; அது இல்லாத கணினியில் திறந்தால் வேறு படம்தான் வரும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாண்டல்பிராட் கணம் என்ற புகழ்பெற்ற ஃப்ராக்டலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஆழமாகப் போகிறவர்கள் இடத்தின் ஆயத்தொலைவுகளை முழுதாகச் சேமிக்க வேண்டும். 10-இன் 30-ஆம் அடுக்கு மடங்கு பெரிதாக்கிய இடத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட தசம இலக்கங்கள் தேவை. ஸ்க்ரீன்ஷாட்டில் கடைசி இலக்கங்கள் வெட்டுப்பட்டால் அந்த இடம் போயே போயிற்று.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கலாமே என்கிறார்கள். அது இல்லாத இழைகளைத் தானே கற்பனை செய்து நிரப்பும். அது உங்கள் ஃப்ராக்டல் அல்ல.

கருந்திட்டைக் கணம் என்று நம்புவது

மாண்டல்பிராட் கணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, அந்தப் புள்ளியின் மதிப்பைக் கூட்டி, வந்த விடையை மறுபடி அதே கணக்கில் போடுகிறோம். மூலத்திலிருந்து அதன் தொலைவு 2-ஐத் தாண்டினால் புள்ளி தப்பியது. நாம் வைத்த சுற்று வரம்புக்குள் தப்பாததை மென்பொருள் கணத்தைச் சேர்ந்ததென்று எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் கருப்பாக்கிவிடும். ஆழத்தில், விளிம்பை ஒட்டிய புள்ளிகள் தப்பவே ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஆகலாம். வரம்பு 250-இல் நின்றால் நுணுக்கமெல்லாம் கருந்திட்டாகிவிடும். வரம்பை இரட்டிப்பாக்குங்கள். உருவம் மாறினால் இன்னும் கூட்டுங்கள், மாறாமல் நிற்கும்வரை.

கட்டம் கட்டமாகச் சிதறினால் அது வேறு நோய். கணினி வழக்கமாக எண்களை வைத்துக்கொள்ளும் 'இரட்டைத் துல்லியம்' (டபுள் பிரிசிஷன்) சுமார் 16 இலக்கம்தான் தாங்கும். அதற்கு மேல் ஆழம் போகக் காலஸ் ஃப்ராக்டலர் போன்ற மென்பொருள் வேண்டும்.

சோதனைத் தரத்தில் அச்சுக்கு அனுப்புவது

ஃப்ளேமில் தரம் என்பது பிக்சலுக்கு எத்தனை மாதிரி என்ற கணக்கு. ஐம்பது, பார்த்துச் சரிசெய்யப் போதும். அச்சுக்கு ஆயிரத்தைத் தாண்டுங்கள், இல்லையென்றால் இருண்ட பகுதிகளில் மணல் தூவியது தெரியும். இதற்கு மணிக்கணக்காகும் என்பதால், லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலமென்றால் அட்டவணையைப் பார்த்துவிட்டு ரெண்டரை, அதாவது முழுப்படத்தைக் கணக்கிட்டு எடுக்கும் வேலையை, தொடங்குங்கள். பெரிய படத்தைத் துண்டு துண்டாக எடுக்க மென்பொருள் இடம் கொடுத்தால் அப்படியே எடுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் ஒரு துண்டுதான் போகும்.

திரையில் ஒளிரும் நீலத்தை அச்சில் எதிர்பார்ப்பது

வராது. சிறு துண்டொன்றை முதலில் அச்சிட்டுப் பாருங்கள்.

ரேண்டம் பேட்ச்சில் (மென்பொருள் தானே குத்துமதிப்பாகச் செய்து தரும் படத் தொகுதியில்) வந்ததற்குக் கையெழுத்துப் போடுவது

வேண்டாம்.

அடுத்தவர் பாராமீட்டரில் வண்ணம் மட்டும் மாற்றுவது

பழகுவதற்குச் செய்யலாம். வெளியிடுவதாக இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், அவர் பெயரைப் படத்தின் அடியிலேயே போடுங்கள்.